விடுபட்ட சுவர்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலைப் பொழுதில் இளம் தம்பதியர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். மணமாகி ஏழு ஆண்டுகள் கடந்தும் பிள்ளைப்பேறு இல்லை. அந்தப் பெண் செய்யாத நேர்ச்சை இல்லை. வீட்டிலும் தெருவிலும் கேளாத சொல்லும் இல்லை. அன்று பேசியவர் கணவர்தாம். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமீது விரித்தார். “சாமி, உயிரணுக்களுக்கு அசைவு போதவில்லை என்று இதில் எழுதியிருக்கிறதாம். அசைவு என்றால் என்ன சாமி? அவை எங்கே போகவேண்டும்? ஏன் போகவில்லை?” என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. குருமடத்தில் நான் கற்றது மெய்யியலும் இறையியலும். “தம்பி, படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அனுப்பிவைத்தேன். அப்படித் தொடங்கிய வாசிப்பு என்னை முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்றினுள் இட்டுச் சென்றது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இடுக்கமான வழிகளில் எவ்வாறு நீந்துகின்றன என்று மனிதர் தேடிய வரலாறு அது. அவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைக் காட்டிலும், எதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள் என்பதே என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

துணி வணிகரின் வில்லை

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனி வான் லேவன்ஹூக். துணி வணிகம் செய்தவர், பல்கலைக்கழகத்தில் பயிலாதவர், அக்கால அறிஞர்களின் மொழியாகிய இலத்தீனையும் அறியாதவர். தம் கையாலேயே செய்த சிறு கண்ணாடி வில்லைகளின் வழியாக ஏரி நீரையும் மழை நீரையும் நோக்கி, அவற்றில் ஓடித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676இல் இலண்டன் அரச கழகத்திற்கு நீண்ட கடிதம் எழுதினார்.

மறு ஆண்டு, அதாவது 1677இல், அக்கழகத்தின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் வேறு வகையானது. ஆணின் விந்தில் வாலுடைய எண்ணற்ற உயிரணுக்கள் நெளிந்து நீந்துவதைக் கண்டதாக அதில் தெரிவித்தார். தாம் ஆராய்ந்தது பாவச் செயலால் பெறப்பட்டதன்று, திருமண உறவின் எச்சமே என்று விளக்கினார். அறிஞர்களுக்கு இது அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டா எனவும் வேண்டிக்கொண்டார். அந்தக் கூச்சத்தையும் அதனை மீறிய வாய்மையையும் நாம் மதிக்கவேண்டும்.

ஆயினும், கண்டதற்குப் பொருள் கூறும்போது அவர் தவறினார். முழு மனிதனும் ஆணின் வித்திலேயே அடங்கியிருக்கிறான். பெண் அதற்கு இடமும் ஊட்டமும் மட்டுமே தருகிறாள் என்று கருதினார். 1694இல் ஹார்ட்சூக்கர் என்பவர், உயிரணுவின் தலைக்குள் குந்தியிருக்கும் குட்டி மனிதன் ஒருவனைப் படமாகவே வரைந்து காட்டினார். ஆண் வடிவத்தைத் தருகிறான், பெண் வெறும் பொருளைத் தருகிறாள் என்று அரிஸ்டாட்டில் கற்பித்ததன் தொடர்ச்சி இது. இவர்கள் கணக்கில் விடுபட்டவள் பெண். ஆனால் இதில் ஒரு விந்தை உண்டு. பிள்ளை பிறந்தால் அது ஆணின் வித்து. பிறவாவிடில் குற்றம் பெண்ணின் நிலத்தில்! அந்தப் பழைய கணக்கு நம் வீடுகளில் இன்னும் முடிந்துவிடவில்லை.

வடிதாளில் தங்கிய உண்மை

அடுத்த நூற்றாண்டில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த லாசரோ ஸ்பல்லன்சானி (1729–1799) அவர். தேரையின் விந்தை வடிதாளில் வடிகட்டினார். வடிந்த நீர் முட்டைகளைக் கருவுறச் செய்யவில்லை. தாளில் தங்கியதை நீரில் கலந்து இட்டபோது முட்டைகள் கருவுற்றன. தாளில் தங்கியவை நீந்தும் உயிரணுக்களே. உண்மை அவர் கைக்கே வந்துவிட்டது!

ஆனால் அவர் அதைப் பற்றிக்கொள்ளவில்லை. முட்டைக்குள் உயிர் முன்னமே முழுமையாய் அமைந்திருக்கிறது என்று உறுதியாக நம்பியவர் அவர். ஆகவே உயிரணுக்களுக்கு இதில் வேலை ஏதும் இல்லை என்றே முடிவு செய்தார். லேவன்ஹூக் பெண்ணை விட்டுவிட்டார். ஸ்பல்லன்சானி உயிரணுவை விட்டுவிட்டார். 1827இல் ஃபான் பேயர் பாலூட்டிகளின் முட்டையைக் கண்டு, 1876இல் ஆஸ்கார் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் முட்டையில் இரு உட்கருக்கள் ஒன்றாவதைக் கண்ட பிறகே இருவருடைய பங்கும் தெளிவாயிற்று. கண் கூர்மையாயிருந்தால் மட்டும் போதாது; மனத்தில் முன்கூட்டியே வரைந்து வைத்த படமும் திருந்தவேண்டும்.

பாகில் நீந்துதல்

உயிரணு முட்டையை அடையவேண்டும் என்பது தெரிந்தது. எப்படி நீந்தி அடைகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை உயிரியலாரிடமிருந்து வரவில்லை. நீரின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர்களிடமிருந்து வந்தது.

ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அயர்லாந்தில் 1819இல் பிறந்தவர். நீர், எண்ணெய், தேன் போன்ற பாய்மங்களின் உள் உராய்வை, அதாவது பாகுத்தன்மையைக் கணக்கில் சேர்த்து, அவற்றின் ஓட்டத்திற்கான சமன்பாடுகளை 1845இல் தந்தார். பாய்மத்தில் மெல்ல நகரும் ஒரு கோளம் எவ்வளவு தடையைச் சந்திக்கும் என்பதை 1851இல் கணக்கிட்டார். மான்செஸ்டரில் பணியாற்றிய ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883இல், ஓட்டத்தில் நிலைமத்தின் கை ஓங்குமா, பாகுத்தன்மையின் கை ஓங்குமா என்பதை ஒரே எண்ணால் அளக்க வழி காட்டினார். அதுவே ரெனால்ட்ஸ் எண். இவ்விருவரும் ஆங்கிலிக்கக் குருக்களின் மைந்தர்கள் என்பது நமக்குச் சுவையான செய்தி.

நீந்தும் மனிதனுக்கு ரெனால்ட்ஸ் எண் பத்தாயிரத்திற்கும் மேல். ஆகவே ஒரு முறை கையை வீசிவிட்டுச் சும்மா இருந்தாலும் சற்றுத் தூரம் மிதந்து செல்கிறோம். ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் நீளமுடைய விந்தணுவுக்கோ அந்த எண் நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் நிற்கிறது. பாக்டீரியாவுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அவற்றுக்கு நீர் நீராயிராது, கெட்டிப் பாகாயிருக்கும். நீந்துவதை நிறுத்திய பாக்டீரியா எவ்வளவு தூரம் தொடர்ந்து செல்லும்? ஓர் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்று கணக்கிட்டார் அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல்.

இதைப் படித்தபோது குருமடத்து மெய்யியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. தள்ளும் கை நின்றால் பொருளும் நின்றுவிடும் என்றார் அரிஸ்டாட்டில். நியூட்டனுக்குப்பின் அது பிழை என்று கற்றோம். ஆனால் நுண்ணுயிர்களின் உலகில் நடப்பது அரிஸ்டாட்டில் சொன்னபடிதான்! பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பிழையாகச் சொன்னவர், அந்தப் பிள்ளைப்பேற்றுக்கு உதவும் அணுவின் ஓட்டத்தைப் பொறுத்தவரை, தாம் அறியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் நீந்துவது எப்படி? இக்கேள்வியைக் கணக்காக முதலில் தொடுத்தவர் கேம்பிரிட்ஜின் ஜெஃப்ரி டெய்லர். 1951இல், தம் அறுபத்தைந்தாம் அகவையில், முடிவில்லாத மெல்லிய தகடொன்றின்மீது அலை ஓடுவதாகக் கற்பனை செய்து, நிலைமம் சிறிதுமில்லாத பாய்மத்திலும் அது முன்னேறும் என்று காட்டினார். 1977இல் பர்செல், ‘குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணில் வாழ்வு’ என்ற கட்டுரையில் அதன் அடிப்படையை எளிமையாக விளக்கினார். ஓட்டைத் திறந்து மூடி நீந்தும் சிப்பியைப் பாகில் விட்டால், திறக்கும்போது சென்ற தூரத்தை மூடும்போது அப்படியே இழந்து, இருந்த இடத்திலேயே நிற்கும். விரைவாகச் செய்தாலும் மெதுவாகச் செய்தாலும் பயன் ஒன்றே. வந்த வழியே திரும்பும் அசைவால் அங்கே யாரும் முன்னேற முடியாது. அதனால்தான் விந்தணு தன் வாலில் தலைப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி அலையை ஓடவிடுகிறது. பாக்டீரியா தன் திருகுச் சுருள் போன்ற கசையிழையைச் சுழற்றுகிறது.

கரையில்லாக் கடலும் கண்ணாடிச் சுவரும்

டெய்லரின் தகடு நீந்தியது கரையே இல்லாத கடலில். கணக்கின் எளிமைக்காக அவர் அப்படி அமைத்துக்கொண்டார், அதில் தவறில்லை. ஆனால் எந்த விந்தணுவும் கரையில்லாக் கடலில் நீந்துவதில்லை. கருப்பை வாயின் சளியிழைகளைக் கடந்து, ஃபலோப்பியோ என்னும் உடற்கூற்று அறிஞர் 1561இல் விவரித்த கருக்குழாய்க்குள் அது புகவேண்டும். அக்குழாயின் உட்புறமோ மடிப்பு மடிப்பானது. விந்தணு செல்லும் வழியில் எத்திசையிலும் சுவர்தான். உயிரணுவின் வாழ்வு முழுவதையும் சூழ்ந்திருக்கும் சுவர் அந்தத் தொடக்கக் கணக்கில் விடுபட்டிருந்தது.

சுவரைப் பற்றிய எச்சரிக்கை 1963இல் வந்தது. காளையின் விந்துத் துளியைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, உயிரணுக்கள் எங்கெங்கே உள்ளன என்று எண்ணினார் ஆங்கிலேய உயிரியலாளர் ராத்ஸ்சைல்டு. அவை துளி முழுவதும் சீராகப் பரவியிருக்கவில்லை; கண்ணாடிப் பரப்புகளை ஒட்டியே குவிந்திருந்தன. சுவர் அவற்றை ஈர்க்கிறதா? அல்லது அவை தாமாகவே சுவரை நாடுகின்றனவா?

சுவரைக் கணக்கில் சேர்க்க ஓர் அழகிய வழி உண்டு. பாகில் ஒரு புள்ளியில் ஊன்றித் தள்ளினால், அருகிலுள்ள பாய்மம் எல்லாம் அசையும். அவ்வசைவு தொலைவு கூடக்கூடக் குறையும். ஆனால் மெதுவாகவே குறையும். சுவரை ஒட்டிய பாய்மமோ அசையலாகாது. அதற்காகச் சுவருக்கு அப்பால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல, எதிராகத் தள்ளும் ஒரு நிழலை வேறு சில திருத்தங்களோடு வைத்தால், சுவரில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் 1896இலேயே இத்திசையில் வழி காட்டியிருந்தார். நீந்தும் உயிர்களைக் கணக்கிடுவோர் எளிதில் கையாளும் வடிவை 1971இல் தந்தவர் ஜான் பிளேக்.

இருப்பினும், நொடிக்குப் பலமுறை வளையும் வாலையும், அதன் பிம்பத்தையும், தலையையும் ஒருசேரத் தாளிலும் பென்சிலிலும் கணக்கிட இயலாது. இங்கேதான் கணினி வந்தது. 1972இல் சார்லஸ் பெஸ்கின், இதயத் தடுக்கிதழ்களைச் சுற்றி இரத்தம் பாய்வதைக் கணினியில் உருவகிக்க ஒரு முறையை வகுத்தார். இதயத்திற்காகப் பிறந்த அம்முறையையே 1988இல் லிசா ஃபவுசியும் பெஸ்கினும் நீந்தும் உயிர்களுக்குப் பயன்படுத்தினர். 1995இல் ஃபவுசியும் மெக்டொனால்டும் சுவர்களுக்கு அருகே நீந்தும் விந்தணுவைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்த்தனர். 2001இல் ரிக்கார்டோ கோர்டெஸ் இன்னும் எளிதான ஒரு முறையை அளித்தார்.

இத்தகைய கணிப்பு நடைபெறும் விதத்தை எளிமையாகச் சொல்லலாம். வாலைப் பல புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் பாய்மத்தைத் தள்ளுகிறது. ஒவ்வொன்றின் தள்ளலும் மற்றெல்லாப் புள்ளிகளையும் நகர்த்துகிறது. அனைத்தையும் கூட்டி, புள்ளிகளைச் சிறிதளவு நகர்த்தி, மீண்டும் கூட்டுகிறார்கள். நொடியின் சிறு சிறு துகள்களாக ஓராயிரம் முறை இதைச் செய்தால், திரையில் ஒரு விந்தணு நீந்துகிறது. அதில் நிலைமத்திற்கு இடமில்லாததால், ஒவ்வொரு கணத்தின் ஓட்டமும் அந்தக் கணத்தின் அசைவை மட்டுமே பொறுத்தது. பழைய வேகம் எதுவும் துணைக்கு வராது.

இம்முறைகளால் சில புதிர்கள் அவிழ்ந்தன. சுவரருகே நீந்தும் பாக்டீரியா நேராகச் செல்லாமல் வட்டமிடுவது ஏன்? கசையிழைகள் ஒரு பக்கமாகச் சுழல, உடல் எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. சுவரின் அருகாமையால் உடல் ஒருபுறமும் வால் மறுபுறமும் ஒதுக்கப்பட, பாக்டீரியா ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. 1993இல் ரேமியாவும் உடனுழைப்பாளர்களும் இதைக் கணினியில் கண்டனர். 2006இல் எரிக் லௌகாவும் தோழர்களும் ஆய்வாலும் கணக்காலும் இதை உறுதிசெய்தனர்.

கணக்கும் சாட்சியும்

ஆனால் சுவரருகே கூட்டம் சேர்வது ஏன் என்ற கேள்வியில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. நீந்தும் பாக்டீரியா நீரை முன்னும் பின்னும் தள்ளி, பக்கங்களிலிருந்து உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் சுவர் இருந்தால் அந்த இழுப்பே அதைச் சுவரிடம் கொண்டுசேர்க்கிறது என்று 2008இல் பெர்க், லௌகா முதலியோர் விளக்கினர். கணக்குக்கும் கண்ட எண்ணிக்கைக்கும் பொருத்தம் இருந்தது. 2011இல் கேம்பிரிட்ஜில் கோல்ட்ஸ்டைன் குழுவினர், தனியொரு பாக்டீரியாவைச் சுற்றியுள்ள நீரோட்டத்தை நேரடியாகவே அளந்தனர். அவ்வோட்டம் மிக வலுவற்றதாயிருந்தது. சற்றுத் தள்ளியிருந்தால், பாக்டீரியா தற்செயலாக அங்குமிங்கும் திரும்பும் தடுமாற்றத்தில் அது அமிழ்ந்துவிடுகிறது. சுவரை நேரில் தொட்டு மோதுவதே முதன்மையான காரணம் என்றனர். 2013இல் அதே வட்டத்தினர், காளையின் விந்தணுக்களிலும் வாலின் நேரடித் தொடுகையே மேலோங்குவதைக் காட்டினர்.

முந்தைய கணக்கு பொய்யா? இல்லை. தன்னிடம் தரப்பட்டவற்றிலிருந்து அது நேர்மையாகவே விடை சொன்னது. தற்செயல் தடுமாற்றத்தையும் தொடுகையையும் எவ்வளவு சேர்க்கவேண்டும் என்பதை மட்டும் அதனால் தானாகச் சொல்ல இயலவில்லை. கணினிக்குள் நீந்தும் விந்தணு ஒரு சாட்சி. ஆனால் அது கேட்கப்பட்டதற்கு மட்டுமே பதில் கூறும் சாட்சி. கேட்காமல் விட்டதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

2012இல் வாரிக், பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மயிரிழை போன்ற நுண்கால்வாய்களைச் செய்து, மனித விந்தணுக்களை அவற்றில் நீந்தவிட்டனர். அவை கால்வாயின் நடுவே செல்வது அரிதாயிருந்தது. இரு சுவர்கள் கூடும் மூலைகளைப் பற்றிக்கொண்டே சென்றன. கூர்மையான திருப்பத்தில் மட்டும் சுவரைவிட்டு நேரே பாய்ந்து, எதிர்ச்சுவரில் முட்டி, மறுபடியும் அதையே வழிகாட்டியாகக் கொண்டன. தடை என்று நாம் எண்ணி ஒதுக்கிய சுவரே, கண்ணில்லாத அந்த உயிரணுவுக்குக் கைத்தடியாக அமைந்திருந்தது.

இவ்வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 2009இல் மேனிக், டெக்கர் முதலியோர், தம் உடலின் அகலத்தைவிட மூன்றிலொரு பங்கே கூடுதலான அகலமுள்ள கால்வாய்களிலும் பாக்டீரியாக்கள் நீந்துவதைக் கண்டனர். அதனினும் குறுகினால் நீச்சல் நின்றது, ஆனாலும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, வளர்ந்தும் பிரிந்தும், தன் அகலத்தில் பாதியே உள்ள வழியினூடும் ஊடுருவியது. அவ்வாய்வு நடந்த இடம் டெல்ஃப்ட்! துணி வணிகர் தம் வில்லையைக் கண்ணில் பொருத்திய அதே நகரம்.

சோதனைத்தாள் யாருடையது?

வாக்களித்தபடி அந்த இளைஞரை அழைத்து, எனக்கு விளங்கியதைச் சொன்னேன். அசைவு என்பது வெறும் துடிப்பன்று, முன்னேறும் நீச்சல் என்றேன். பாகு போன்ற நீரில், மடிப்புகளினூடே, சுவரைப் பற்றிக்கொண்டு செல்லவேண்டிய நெடும் பயணம் அது என்றேன். ஒரு கண்ணாடித் தகட்டின்மீது எண்ணிய எண்ணிக்கை அந்தப் பயணம் முழுவதையும் சொல்லிவிடாது. உலக நலவாழ்வு நிறுவனம் 1980 முதல் இச்சோதனைக்கான கையேட்டை வெளியிட்டுப் பலமுறை திருத்தியும் வருகிறது. ஆகவே மருத்துவரை விடாது பாருங்கள், இருவருமாகச் செல்லுங்கள் என்றேன். பிள்ளை பிறக்குமா என்று அவர் கேட்டார். அதை எந்தக் கணினியும் சொல்லாது, நானும் சொல்ல இயலாது என்றேன்.

அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஏழு வருடம் அவளை மட்டும்தானே சாமி சோதித்துக்கொண்டிருந்தோம்” என்றார்.

அறிஞர்கள் சுவரை விட்டுவிட்டது கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக. நம் வீடுகளில் ஆணின் பங்கை விட்டுவிடுவதும் அதே எளிமைக்காகத்தான் போலும். அறிஞர்களின் பிழையால் ஒரு விடை மட்டுமே தாமதமாயிற்று. நம் பிழையாலோ ஒரு பெண் நாள்தோறும் கண்ணீர் வடிக்கிறாள். விட்டதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் நேர்மை ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதா?

அன்று மாலையே அவர் தம் தாயிடம் பேசியதாகப் பின்னர் அறிந்தேன். நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லையாம். அந்தத் தாளைக் காட்டி, “அம்மா, இனி அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். இது என்னுடைய சோதனைத்தாள்” என்றாராம்.